நான் குளவி என்று கத்திய பிற்பகல்

புதிதாகத் தோட்டத்தில் வெளிவேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு என் கதை தெரியாது போலிருக்கிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வெளிக் கிராணியாக, அதாவது வெளிவேலையைப் பார்த்துக் கணக்கு எழுதுகிறவனாக, இருந்த காலத்தில் நான் துணிச்சலாகச் செய்த காரியம் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பயந்து செய்த காரியங்கள் நிறைய அகப்பட்டன. அவற்றில் சில நல்லபடியாக முடிந்ததால்தான் ஐம்பத்தைந்து வயதில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள்.

உரம் எப்போது போடுவது, கவாத்து எப்படி வெட்டுவது என்பதையெல்லாம் சொல்லித் தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. நான் சத்தத்தைப் பற்றி எழுதப் போகிறேன். மலையில் வேலை செய்கிறவனுக்குக் கண் பாதி நாள்தான் உதவும். பிற்பகலில் பனி ஏறிவிட்டால் மிச்சப் பொழுதைக் காதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்தக் காதுக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே, வெயில் ஊரில், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். முதல் வாரத்தில் ஒருநாள் காலை, தேயிலைச் செடி நிரையில் நின்றுகொண்டிருக்கிறேன். மேலே காட்டுக்குள்ளிருந்து ஊ...வா, ஊ...வா என்று ஒரு சத்தம் கிளம்பியது. ஏறிக்கொண்டே போனது. எனக்கு ஒரே சந்தேகம்தான் வந்தது. ஃபேக்டரியில் நெருப்பு, சங்கு ஊதுகிறார்கள்! கொட்டகையில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினேன். ஓடும்போது "நெருப்பு! நெருப்பு!" என்று கூவவும் மறக்கவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை.

அவர்களில் ஒருத்தி, பெயர் அஞ்சலை, வாய்க்குப் பேர் போனவள், கூடையை முதுகில் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "கிராணி ஐயா, அது கருங்குரங்கு. புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து பாடுதுங்க. தண்ணிய ஊத்திப் பிரிச்சுடாதீங்க லா, பாவம்."

அன்று முழுக்க நிரை நிரையாகச் சிரிப்பு. வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மத்தியானம் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குரங்குகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். சியாமாங் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். ஒன்று கத்தும், மற்றது சேர்ந்துகொள்ளும். இது எங்கள் இடம், நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்கின்றன. பிறகு இரண்டும் வாயை மூடிக்கொள்ளும். தூரத்து மலையிலிருந்து பதில் வரும். இவை கேட்கும். கத்துவது எவ்வளவு முக்கியமோ, கத்திவிட்டுச் சும்மா இருப்பதும் அவ்வளவு முக்கியம் அவற்றுக்கு. நம் மனித சாதிக்கு முதல் பாதி மட்டும்தான் வரும்.

கொழுந்து பறிக்கும் பெண்களிடமும் இப்படி ஒரு பழக்கம் இருந்தது. பனி இறங்கி, பக்கத்து ஆள் தெரியாமல் போனதும், நிரையின் ஒரு கோடியில் இருப்பவள் "ஊய்" என்பாள். அடுத்தவள் "ஊய்" என்பாள். அது கடைசி ஆள் வரை போகும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். அந்த ஊய்க்கு அகராதியில் பொருள் கிடையாது. நான் இங்கே இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்பதுதான். காட்டோரத்தில் கூட்டமாக இரை தேடும் குருவிகளும் இதையேதான் செய்கின்றன. ஒன்றையொன்று இலைக்கு நடுவில் பார்க்க முடியாதபோது கீச் கீச் என்று தொட்டுக்கொண்டே போகும்.

எங்களுக்கு இன்னும் இரண்டு சத்தங்கள் உண்டு. ஒன்று என் கழுத்தில் தொங்கிய விசில். அதை ஊதினால் நிறுவை, கொழுந்தை எடைபோடும் நேரம். கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கொட்டகைக்கு வர வேண்டும். இன்னொன்று, "குளவி!" தேயிலைச் செடிக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். கை பட்டுவிட்டால் கூட்டமாகக் கிளம்பும். அதனால் யாராவது "குளவி!" என்றால், கேட்டவள் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும், உடனே செடிக்கு அடியில் உட்கார்ந்து இடுப்பில் கட்டியிருக்கும் சாக்கைத் தலையில் இழுத்து மூட வேண்டும், மூச்சு விடக்கூடாது. எங்கள் மலையில் எல்லோருக்கும் இது பிறவியிலேயே தெரியும் என்பதுபோல் இருந்தது. நான் மட்டும் ஒருமுறை உட்கார மறந்து ஓடி, மூக்கு இரண்டு மடங்காகி, ஒரு வாரம் தானா ராத்தா கடைத்தெருப் பக்கமே போகாமல் இருந்தேன்.

சரி, அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன்.

பல நாட்களாக மழை. அன்று காலை வெறித்திருந்தது. கோலா தெர்லா ரோட்டைப் பார்த்த சரிவில் வேலை. சரிவின் குறுக்கே ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. பாதையின் இந்தக் கோடியில் நிறுவைக் கொட்டகை. அந்தக் கோடியில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் நானும் மாரிமுத்துக் கங்காணியும். என்னைவிட மூத்தவர். என்னை ஐயா என்று கூப்பிடுவார், ஆனால் அந்த ஐயாவில் எனக்கு எப்போதும் ஒரு நக்கல் கேட்கும்.

பனி மேலேறி வந்து தராசையே மறைத்தது. ஊய், ஊய் என்று போய்வந்துகொண்டிருந்தது. மேலே ரோட்டில் காய்கறி லோரி ஒன்று கியர் மாற்றி ஏறும் சத்தம். அப்போது வேறொரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. யாரோ ஒரு லோரி மணலை அவசரமில்லாமல் கொட்டியது மாதிரி. அவ்வளவுதான்.

ஊய் நின்றது.

பிறகு திரும்பத் தொடங்கியது. அந்தக் கோடியிலிருந்து இந்தப் பக்கமாக ஒவ்வொரு குரலாக வந்தது, செல்லம்மா குரல் வரை. செல்லம்மாவுக்கு அடுத்து, எங்களுக்கு மிக அருகில் இருக்க வேண்டியவள் அஞ்சலை. செல்லம்மா மறுபடியும் "ஊய்" என்றாள். பதில் இல்லை.

"அஞ்சலை பதில் குடுக்கலியே! ஏய் அஞ்சலே!"

அவ்வளவுதான், மலை முழுக்க வாய் திறந்துகொண்டது. "அஞ்சலே! அஞ்சலே!" என்று எல்லாத் திசையிலிருந்தும். நானும் கங்காணியும் பாதையில் ஓடினோம். கங்காணி திடீரென்று என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். என் காலுக்கு முன்னால் பாதை இல்லை. செம்மண் பிளந்து கீழே போயிருந்தது. தேயிலைச் செடிகள் வேரில் தொங்கிக்கொண்டிருந்தன. பிளவின் ஓரத்தில் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. அஞ்சலை கூடைதான். ஓரத்தில் சிவப்புத் துணி சுற்றிக் கட்டியிருப்பாள்.

இப்போது உங்கள் முன்னோடியின் நெருக்கடி நேரத் தலைமைத்துவத்தைப் பாருங்கள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. விசிலை எடுத்தேன். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினேன். ஒருமுறை போதாதென்று மறுபடியும், மறுபடியும்.

உதவி கேட்டு ஊதினேன் என்று எனக்குத் தெரியும். விசிலுக்குத் தெரியுமா? பயந்த குரங்கு கத்தினால் அந்தக் கத்தலுக்குள்ளேயே பயம் இருக்கும். கேட்கிற குரங்குக்கும் முடி சிலிர்க்கும். விசிலில் என் பயம் ஏறவே இல்லை. அது எப்போதும் சொல்வதையே சொன்னது. நிறுவைக்கு வாங்க.

பிளவுக்கு அந்தப் பக்கம், பனிக்குள், காலடிச் சத்தம். கூடைகள் செடியில் உரசும் சத்தம். எங்கே அஞ்சலை, கூப்பிடுகிறார்களே, கொட்டகைக்குப் போயிருப்பாளோ என்று பேசிக்கொண்டே வருகிறார்கள்.

"யோவ் கிராணி!" கங்காணியின் வாயிலிருந்து ஐயா போய்விட்டது. "அறிவிருக்கா உங்களுக்கு? எல்லாப் பொம்பளைங்களும் இந்தப் பாதையிலதான் வருவாங்க! நேரா வந்து உள்ள விழுவாங்க!"

"நில்லுங்க!" என்று கத்தினேன். "வராதீங்க! பாதை இல்ல!" கங்காணியும் கத்தினார். அங்கே பாதிப் பேர் அஞ்சலையைக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறார்கள். எங்கள் வார்த்தை அந்தக் கூச்சலில் கரைந்து போயிற்று. அப்படியே ஒருத்திக்குக் கேட்டிருந்தாலும் ஏன், எங்கே, எந்தப் பாதை என்று நின்று கேட்பாள். பின்னால் வருகிறவள் அவளை இடித்துக்கொண்டு வருவாள். நம் பேச்சுக்கு இதுதான் வினை. அது புரிவதற்கு நேரம் எடுக்கும்.

காலடி நெருங்கிவிட்டது. என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. வந்தது இதுதான்:

"குளவி! குளவீ!"

முன்னால் வந்தவள் "குளவி!" என்றாள். அவளுக்குப் பின்னால் "குளவி!" மேலே "குளவி!" தூரத்தில், மெல்லியதாக, "குளவி!" பிறகு செடிகள் சலசலத்தன. சாக்குகள் இழுபட்டன.

பிறகு ஒன்றுமில்லை.

தம்பிகளே, அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மலை மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டது. கங்காணி என்னை முறைத்தார். என்ன செய்தாய் என்ற முறைப்பு, நல்லதுதான் செய்தாய் என்ற முறைப்பு, இரண்டும் ஒரே முகத்தில்.

அந்த அமைதியில்தான் எனக்குக் காது திறந்தது. இலையிலிருந்து சொட்டும் நீர். பிளவிலிருந்து உதிரும் மண். அப்புறம் குருவிகள். சின்னக் குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து யாரையோ திட்டும் சத்தம். கேட்டிருப்பீர்கள், பாம்பையோ பூனையையோ பார்த்துவிட்டால் சுற்றி நின்று கரகரவென்று கத்துமே, அது. மண் விழுந்து கிடந்த இடத்திலிருந்து வரவில்லை. அதைவிட்டு விலகி, நாங்கள் நின்ற பக்கத்தில், பாதைக்குக் கீழே இருந்த மூங்கில் பள்ளத்திலிருந்து வந்தது.

கங்காணி கொட்டகைக்கு ஓடி மண்வெட்டியோடு வந்துவிட்டார். கிசுகிசுத்தார்: "கூடை இங்க கெடக்குது. ஆளு மண்ணுக்குள்ளதான். எறங்குங்க, தோண்டலாம்."

"குருவி கத்துது கங்காணி."

"குருவியா? பாம்பு கீம்பு இருக்கும். அங்க உசுரு போய்க்கிட்டு இருக்கு, நீங்க குருவிய எண்ணிக்கிட்டு இருக்கீங்க!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குருவி அஞ்சலை என்று பெயர் சொல்லவில்லை. இங்கே ஏதோ இருக்கிறது, இருக்கக் கூடாதது இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குச் சொல்ல முடியும். அவள் மண்ணுக்கு அடியில் இருந்து, நான் பாம்பைத் தேடிப் பள்ளத்துக்குப் போனால்? ஆனாலும் காதைக் கொடுத்துக் கேட்டேன். குருவிகளின் கத்தல் கொஞ்சம் அடங்கும், பிறகு கிளம்பும், மறுபடி அடங்கும். இடம் மாறவில்லை. பாம்பு நகர்ந்தால் குருவிகளும் அதோடு நகரும். இங்கே இருப்பதோ ஒரே இடத்தில் கிடக்கிறது, அவ்வப்போது மட்டும் அசைகிறது.

"பள்ளத்துக்குப் போறோம்" என்றேன். அந்த முடிவில் அறிவு பாதி. புதுமண்ணில் இறங்கினால் மிச்சமும் நம் தலையில் விழும் என்ற பயம் மீதிப் பாதி. உங்களுக்கு முழுக்க அறிவினால் மட்டும் முடிவெடுக்க வாய்த்தால் எனக்கு எழுதிப் போடுங்கள், பார்த்துச் சந்தோஷப்படுகிறேன்.

கிளம்பும் முன்பு சாக்குக்குள் இருக்கும் பெண்களுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். இப்போது கூச்சல் இல்லை. நிதானமாகக் குரல் கொடுத்தேன். "செல்லம்மாக்கா! குளவி இல்ல. பாதை சரிஞ்சு போச்சு. யாரும் முன்னால வராதீங்க. ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சுக்கிட்டு மேல லோரி ரோட்டுக்கு ஏறிடுங்க. ரெண்டு பேரு மட்டும் ஓடிப்போய் ஏதாவது லோரிய நிறுத்தி வைங்க. சத்தம் போடாதீங்க."

சாக்குக்குள்ளிருந்து செல்லம்மா குரல் வந்தது. "அலாமாக்! பொய்யா? சாக்குக்குள்ள மூச்சு முட்டிச் செத்திருப்பேன் லா!" உடனே குரல் மாறியது. "அஞ்சலை எங்க ஐயா?"

"பாக்கறோம் அக்கா. போங்க."

போனார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தியும் வாயைத் திறக்காமல். இதைக் குருவியால் செய்ய முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நில், போ, இரண்டு பேர் மட்டும், லோரியை நிறுத்து. இதற்கு வார்த்தைதான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஆள் அமைதியாக இருந்தால்தான் வார்த்தைக்கு வேலை.

நாங்கள் பள்ளத்தில் இறங்கினோம். பெரணிச் செடியைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் வந்ததும் குருவிகள் எங்களைப் பார்த்துவிட்டன. இப்போது அவை திட்டியது என்னை. என் தலைக்கு மேலேயே சுற்றி நின்று, குடும்பத்தோடு. எங்கே போக வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்த சத்தம் என்னைச் சுற்றியே வந்துவிட்டது. பனியில் எந்தப் பக்கமும் ஒரே வெள்ளை.

"இப்ப?" என்றார் கங்காணி.

"உக்காருங்க."

"என்னது?"

"உக்காருங்க கங்காணி. அசையாதீங்க. நம்மள மறக்கட்டும்."

ஈரத்தில் உட்கார்ந்தோம். ஒரு பெண் எங்கோ சாகிறாளோ என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் கடினமான வேலையை எந்தத் துரையும் எனக்குக் கொடுத்ததில்லை. அட்டை ஒன்று என் காலில் ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன். பல் தந்தி அடித்தது. கங்காணி என் தாடையைக் கையால் பிடித்து நிறுத்தினார். நான் மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே பிடித்தார்.

குருவிகளுக்கு நாங்கள் சலித்துப் போனோம். ஒவ்வொன்றாக விலகின. கொஞ்சம் தள்ளி, இடது பக்கம், கீழே, மறுபடியும் கரகர. அங்கே ஒரு பெரணி இலை ஆடியது. காற்று இல்லை.

மூங்கில் தூருக்கு நடுவில் அஞ்சலை கிடந்தாள். மண் அசைந்ததும் கூடையை உதறிவிட்டு எங்கள் பக்கமாக ஓடியிருக்கிறாள். பனியில் பாதை வளைவது தெரியாமல் நேராகப் பள்ளத்துக்குள் போய்விட்டாள். தோள் எலும்பு உடைந்து, விலாவில் அடிபட்டு, குரல் எழுப்ப மூச்சில்லை. ஒரு கை மட்டும் அவ்வப்போது பெரணியை இழுத்தது. கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தாள்.

நான் அவள் முன்னால் போய் நின்று, பயப்படாதேம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னவோ ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை. கங்காணி திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாக்கையும் மூங்கிலையும் கட்டித் தூக்கினோம். மேலே பிரிஞ்சாங்குக்குப் போய்க்கொண்டிருந்த முட்டைக்கோசு லோரி ஒன்றைச் செல்லம்மா ரோட்டின் குறுக்கே நின்று நிறுத்தி வைத்திருந்தாள். கோசு மூட்டைகளுக்கு நடுவில் அஞ்சலை தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மறுநாள் காலைப் பிரட்டில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கூட்டத்தில், நான் முதலில் சொன்னது குளவியைப் பற்றித்தான். காட்டில் கரிச்சான் குருவி ஒன்று இந்த வேலையைச் செய்யும். பருந்து வந்ததுபோல் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். மற்றக் குருவிகள் பதறி ஒளியும். அவை விட்டுப்போன பூச்சியை இது தின்னும். அடிக்கடி செய்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அதற்கும் தெரியும், அதனால் குரலை மாற்றிக்கொண்டே இருக்கும். நமக்கு அத்தனை குரல் இல்லை. "நேத்து சொன்னது பொய். இனிமே யாரு சொன்னாலும் குளவின்னா குளவிதான்" என்றேன். கங்காணி இன்னொன்றையும் சேர்த்தார்: தகரத்தைத் தட்டினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். எல்லோரும் சரி என்றார்கள். அன்றிலிருந்து ஒரு புதுச் சத்தத்துக்குப் பொருள் வந்துவிட்டது. எந்தக் குரங்கும் காலையில் கூட்டம் போட்டு இப்படி முடிவெடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. அதனால் நீங்களும் புது இடத்துக்குப் போனால், கையில் விசிலோ கைப்பேசியோ எது இருந்தாலும், இங்கே எந்தச் சத்தத்துக்கு ஆட்கள் என்ன செய்வார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பயம் வந்த பிறகு கேட்க முடியாது.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். தோளில் கட்டுப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செல்லம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கூச்சலை நிறுத்தியதால்தான் கண்டுபிடித்தோம் என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அஞ்சலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் என் பேரச் சொல்லிக் கத்துனது எனக்குக் கேட்டுச்சு ஐயா" என்றாள் மெல்ல. பேசினால் விலா வலித்தது. "வாயத் தொறந்தா காத்துதான் வருது. ஆனா தேடுறாங்கன்னு இருந்துச்சு. பொறவு பொசுக்குன்னு எல்லாம் நின்னு போச்சு. அப்பதான் பயந்துட்டேன். விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு."

என் கையில் ஒரு ஆரஞ்சுச் சுளை இருந்தது. அதை வாயில் போடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. கத்துவது, நிறுத்துவது, கேட்பது என்றெல்லாம் நான் பெரிய பாடமாக வைத்திருந்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறவனின் அமைதி விழுந்து கிடக்கிறவளுக்கு எப்படிக் கேட்கும் என்று நினைக்கவே இல்லை.

"நடுவுல ஒரு வாட்டி கூப்புட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"கூப்புட்டிருக்கணும்" என்றேன்.

செல்லம்மா பேச்சை மாற்ற நினைத்தாள் போலிருக்கிறது. "ஐயா உன்னைப் பாத்ததும் அழுதாராமே? கங்காணி லயத்து வீடு பூரா சொல்லிட்டாரு."

"அழல" என்றாள் அஞ்சலை. "ஒரு சத்தம் போட்டாரு. மனுசன் சத்தமே இல்ல அது. என்னான்னே வெளங்கல." சிரிக்கப் பார்த்து, வலியில் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அதைக் கேட்டதும் நம்ம ஆளு வந்துட்டாங்கன்னு தெரிஞ்சிருச்சு."